புழல் ஏரியில் கேட்டலினா: 1/72 மாடலுக்கு ஏரிக்கரை டயோரமா செய்ய யோசனை வேண்டும்

செங்குன்றத்தான்

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடமாக பிளாஸ்டிக் கிட் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், இதுவரை முடித்த ஏழும் சாதாரண போர் விமானங்கள், சக்கரத்தில் நிற்பவை, மரப்பலகையில் வைத்து அலமாரியில் ஏற்றியதோடு சரி. டயோரமா, அதாவது மாடலைச் சுற்றி முழுக் காட்சியையும் செய்வது, ஒன்று கூட செய்ததில்லை. தண்ணீர் பக்கமே போனதில்லை.

இப்போது அகாடமி நிறுவனத்தின் 1/72 (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு) கேட்டலினா, பி.பி.ஒய்-5ஏ கிட் வாங்கியிருக்கிறேன். நீரிலும் இறங்கும், சக்கரத்தை இறக்கினால் தரையிலும் இறங்கும் விமானம். இதை வாங்கியதற்குக் காரணம் என் பாட்டி. பாட்டிக்கு 90 நடக்கிறது, பிறந்தது வளர்ந்தது எல்லாம் செங்குன்றம். சின்ன வயதில் ஏரியில் "தண்ணியில எறங்குற ஏரோப்ளேன்" நின்றதைப் பார்த்ததாக நான் சிறுவனாக இருந்தபோதிலிருந்து சொல்வார். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, நானும் ஏதோ கதை என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் இரண்டாம் உலகப் போரில் கேட்டலினா எங்கெல்லாம் இருந்தது என்று படித்துக்கொண்டு போகும்போது ரெட் ஹில்ஸ் லேக், மெட்ராஸ் என்று, அதாவது எங்கள் புழல் ஏரி, கண்ணில் பட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருடம் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதனால் புழல் ஏரி, கரை, பனைமரம், தண்ணீரில் கேட்டலினா, இதை ஒரே பலகையில் செய்து பாட்டியிடம் காட்ட வேண்டும். பார்வை இன்னும் ஓரளவு இருக்கிறது, ஆனால் அதிகம் தள்ளிப்போட முடியாது.

கேட்க வேண்டியவை: விமானத்தைக் கரையில் சக்கரத்தோடு நிறுத்துவதா, தண்ணீரில் மிதக்க விடுவதா? தண்ணீருக்கு ரெசின்தான் வழியா? வீட்டுப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு லிட்டர் டின் ரெசின் இருக்கிறது, அது சரிப்படுமா? பலகை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பழைய ஸ்ப்ரூ

தம்பி, முதலில் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) அந்த ஏரியில்தான் இருந்தது, வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்துக்கு அதன் கேட்டலினாக்கள் அங்கிருந்து கிளம்பின. 1944 மார்ச்சில் 628 என்று இன்னொரு ஸ்குவாட்ரனையே அங்கே ஏற்படுத்தினார்கள், அதுவும் கேட்டலினாதான். நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியில் இத்தனை பெரிய விமானங்கள் நின்றன என்பது சென்னையிலேயே பலருக்குத் தெரியாது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நீங்கள் வாங்கியிருக்கும் பெட்டியில் 5ஏ என்று போட்டிருக்கிறதே, அந்த ஏ என்ற எழுத்துக்கே சக்கரம் உள்ளது என்றுதான் அர்த்தம். கேட்டலினா முதலில் வெறும் பறக்கும் படகாகத்தான் 1935-இல் பறந்தது, சக்கரமே கிடையாது. உள்ளிழுக்கும் சக்கரம் வைத்த முதல் மாதிரி பறந்தது 1939 நவம்பரில். பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் ரோந்துக்கு ஓட்டியவை பெரும்பாலும் சக்கரமில்லாத படகு வகை. 20 மணி நேரத்துக்கு மேல் கடலின் மேல் பறக்க வேண்டிய விமானத்தில் சக்கரமும் அதன் கால்களும் அவ்வளவும் வீண் சுமை, அந்த எடைக்குப் பதிலாகப் பெட்ரோல் ஏற்றலாம் அல்லவா. ஏரியை விட்டால் இறங்க வேறு இடமும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே, ஏரிக்கரையில் சக்கரத்தை ஊன்றி நிற்கும் கேட்டலினாவை வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது பாட்டி பார்த்த விமானம் ஆகாது.

நல்ல செய்தி என்னவென்றால் இதைச் சரிசெய்யலாம். 5ஏ-வில் பெரிய சக்கரங்கள் இரண்டும் உடலின் இரண்டு பக்கமும் இருக்கும் குழிக்குள் மடங்கும், மடங்கிய பிறகும் சக்கரத்தின் வெளிமுகம் வட்டமாக வெளியே தெரியும். படகு வகையில் அந்த இடம் வழுவழுவென்று மூடியிருக்கும். நீங்கள் மூட வேண்டியது அந்த இரண்டு குழிகளைத்தான். மூக்குச் சக்கரத்தின் கதவு அடியில் இருக்கிறது, மிதக்க விட்டால் தண்ணீருக்குள் போய்விடும், அதை மூடி ஒட்டிவிட்டு மறந்துவிடலாம்.

குழியை மூடும்போது அவசரப்பட வேண்டாம். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்னாலேயே செய்யுங்கள். குழியின் மேல் காகிதத்தை வைத்து விரலால் தேய்த்தால் விளிம்பு பதிந்துவிடும், அதை அச்சாக வைத்து 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி, உடலின் வளைவுக்கு ஏற்ப விரலால் லேசாக வளைத்து, உள்ளே இரண்டு பட்டைகள் தாங்கலாக ஒட்டி அவற்றின் மேல் உட்கார வையுங்கள். இடைவெளிக்கு ஃபெவிக்விக்கோடு முகத்துக்குப் போடும் பவுடரைக் கலந்து தடவினால் இடைவெளி நன்றாக நிரம்பும். ஆனால் அரை மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், ஒரு இரவு விட்டால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி சுற்றியுள்ள இடம்தான் தேயும். 400, 800, 1000 என்று உப்புத்தாளை மாற்றி, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பிறகு ஒரு கோட் சாம்பல் பிரைமர் அடித்துப் பாருங்கள், நீங்கள் பார்க்காத பள்ளமெல்லாம் அப்போதுதான் தெரியும். எனக்கு எப்போதும் மூன்று சுற்றாவது ஆகும்.

அதே ஃபெவிக்விக்கைக் கண்ணாடிப் பாகங்களின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கேட்டலினாவின் முகமே அந்த இரண்டு பக்கக் கொப்புளக் கண்ணாடிகள்தான், ஆவி பட்டால் வெள்ளைப் படலம் படிந்துவிடும். அங்கே ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது.

நிறம்: மேலே அடர் கடல் சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும், பக்கவாட்டிலும் அடியிலும் வெள்ளை என்பது போர்க்காலப் பிற்பகுதிக்குப் பொருத்தம். வட்டச் சின்னத்தில் சிவப்பு இருக்கக் கூடாது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடும் என்று இந்தப் பகுதியில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள், அடர் நீலத்துக்குள் வெளிர் நீலம் மட்டும். பெட்டியில் என்ன டெக்கல் (ஒட்டும் சின்னங்கள்) வந்திருந்தாலும் இதைத் தனியாக வாங்குங்கள், அல்லது மாஸ்க் வெட்டி அடியுங்கள்.

ரன்வே24

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய ஸ்ப்ரூ சார் சொன்னதில் ஒரு தவறும் இல்லை, ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. சக்கரம் உள்ள கிட்டை வாங்கி அதன் சக்கரக் குழியையே மூடுவது என்றால், அந்த விமானத்தின் சிறப்பையே எடுத்துவிடுகிறோம். 5ஏ-வுக்கென்றே சொந்த வரலாறு இருக்கிறது. 1942 ஜூன் 3 அன்று பசிபிக் கடலின் மிட்வே தீவை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பல்களை முதலில் பார்த்தது அமெரிக்கக் கடற்படையின் 5ஏ, ஓட்டியவர் ஜாக் ரீட். அந்த இரவே 5ஏ விமானங்கள் டார்பிடோ கட்டிக்கொண்டு போய்த் தாக்கின.

டயோரமா என்று பார்த்தாலும் நீரிலிருந்து சாய்தளத்தில் ஏறி வரும் 5ஏ-வுக்கு ஈடு கிடையாது. மூக்குச் சக்கரம் காங்கிரீட்டில், வால் இன்னும் தண்ணீரின் மேல், அடியிலிருந்து தண்ணீர் வடிந்து தளத்தில் ஈரக் கோடுகள், இரண்டு புரொபெல்லரும் சுற்றுகின்றன. படகு வகையில் இது நடக்காது. ஆட்கள் தண்ணீரில் இறங்கி, பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரங்களையும் வாலுக்கு ஒரு வண்டியையும் மாட்டி, டிராக்டர் வைத்து வாலைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். 5ஏ தானாகவே நடந்து ஏறும்! இந்த கிட்டை அப்படிச் செய்யுங்கள், பாட்டிக்கு என்று படகு வகை கிட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளலாமே.

சக்கரத்தில் நிறுத்தினால் மூக்கில் எடை வைக்க மறக்காதீர்கள். வால் நீளம், எடை போதவில்லை என்றால் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும். மீன்பிடி ஈயக்குண்டுகளைத் தட்டி, விமானி அறைக்கு முன்னால் எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அவ்வளவும் அடைத்துவிடுங்கள்.

நீலா, கோவை

தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன், பதினோரு வருடமாகத் தண்ணீர்தான் செய்கிறேன்.

முதல் விஷயம், அந்த ஹார்டுவேர் கடை டின்னைத் தொடாதீர்கள். கடையில் ஃபைபர் வேலைக்கு விற்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அதில் உள்ள ஸ்டைரீன் நம் கிட்டின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். என்னுடைய முதல் கப்பல் அப்படித்தான் போயிற்று. கடைக்காரர் கண்ணாடி மாதிரி நிற்கும் என்றார், நின்றதும் உண்மைதான், ஆனால் நீர்க்கோட்டுக்குக் கீழே கப்பலின் பக்கம் இளகி உள்ளே வாங்கிவிட்டது. இரண்டு மாத வேலை, அன்று சாப்பிடக் கூட முடியவில்லை. ரெசின் என்றால் எபாக்ஸி மட்டும், இப்போது ரெசின் ஆர்ட் செய்பவர்கள் வாங்கும் இரண்டு பாட்டில் வகை.

ஆனால் உங்களுக்கு எபாக்ஸி கூட வேண்டாம் என்பேன். கணக்கைப் பாருங்கள். கேட்டலினாவின் இறக்கை நீளம் 31.7 மீட்டர், 1/72-இல் 44 செ.மீ. உடல் 27 செ.மீ. ஆக பலகை 50-க்கு 50 வேண்டும், விமானத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தால்தான் கரைக்கு இடம் கிடைக்கும். பலகை முழுக்க 3 மி.மீ. ஊற்றவே 750 மி.லி. ஆகும். அதோடு ரெசின் உடலின் பக்கத்தில் விளிம்பு கட்டி மேலே ஏறி நிற்கும், 1/72-இல் அது அரை அடி உயரத் தண்ணீர்ச் சுவர் மாதிரித் தெரியும். தெர்மோகோல் அடித்தளமாக இருந்தால் கெட்டியாகும்போது வரும் சூட்டில் அதுவும் குழியும்.

ஏரி என்பது கடல் இல்லை. காற்றில்லாத காலையில் புழலில் 10 செ.மீ. அலை வந்தாலே அதிகம், உங்கள் அளவில் அது 1.4 மி.மீ. அந்த நெளிவுக்கு டிஷ்யூ பேப்பர் போதும். நான் செய்கிற முறை இது: தெர்மோகோல் பலகையில் உடலின் அடிப்பகுதி நீர்க்கோடு வரை இறங்கும்படி குழி வெட்டுவேன், விமானத்தை அறுக்க மாட்டேன். பலகை மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவி ஒற்றை அடுக்கு டிஷ்யூவைப் போட்டு, ஈரமாக இருக்கும்போதே பிரஷ்ஷால் குத்திக் குத்தி எல்லாப் பக்கமும் சின்னச் சின்ன நெளிவு கொண்டுவருவேன். முழுக்கக் காய்ந்ததும் அக்ரிலிக் பெயின்ட், ஸ்ப்ரே டப்பா கூடாது, அதன் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். அப்புறம் பளபளப்பு தரும் அக்ரிலிக் ஜெல் (gloss gel) மூன்று நான்கு மெல்லிய கோட். ஜெல் ஈரத்தில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், பயப்படாதீர்கள், காய்ந்தால் தெளியும். ஒரே கோட்டில் தடிமனாகப் பூசினால் மட்டும் உள்ளே வெள்ளை தங்கிவிடும், உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

உடலுக்கும் தண்ணீருக்கும் இடையே கோடு தெரியாமல் இருக்க, விமானத்தின் அடியைக் கிளிங் ஃபிலிமில் (உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இறுக்கிச் சுற்றிக் குழியில் இறக்கி, சுற்றிலும் ஜெல் வைத்து, காய்ந்ததும் தூக்கிவிடுங்கள். அச்சு அப்படியே பொருந்தும், விமானத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பாட்டி கையில் கொடுக்கலாம்.

நிறத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நீலம் அடிக்காதீர்கள். நம் ஏரி நீலம் கிடையாது, வானத்தின் வெளிச்சம் மேலே பட்டால்தான் நீலம். அடியில் ஆலிவ் பச்சையோடு பழுப்பு, கரை வரவரக் கலங்கல், கடைசி இரண்டு விரல் அகலத்துக்குச் செம்மண்ணே தெரிய வேண்டும். கரையில் உண்மையான செம்மண்ணைச் சலித்துப் போடுங்கள், ஊர் பெயரே செங்குன்றம்!

மிதக்கும் விமானத்தில் இரண்டு விஷயம் கவனியுங்கள். இறக்கை நுனி மிதவைகள் கீழே இறங்கியிருக்க வேண்டும், பறக்கும்போதுதான் அவை மடங்கி இறக்கையின் நுனியாக மாறும். மூக்கை மிதவைக் குமிழியில் கயிறு கட்டி நிறுத்தினால் விமானம் காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் திரும்பி நிற்கும், ஆகவே பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது, நாணல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். வால் பக்கமிருந்து காற்றடிக்கும் டயோரமாக்களை எத்தனை பார்த்துவிட்டேன்.

பழைய ஸ்ப்ரூ

நீலா அம்மா சொன்ன கிளிங் ஃபிலிம் யோசனை அருமை, நான் இத்தனை நாள் அடியை அறுத்துக்கொண்டிருந்தேன்.

பனைமரத்தைப் பற்றி ஒன்று. 18 மீட்டர் மரம் 1/72-இல் 25 செ.மீ. வரும். கேட்டலினாவின் வால் உயரமே எட்டரை செ.மீ.தான். நாலைந்து மரம் வைத்தால் விமானம் பொம்மையாகிவிடும். இரண்டு போதும், அதையும் பின்மூலையில் வையுங்கள், ஒன்று 15 மீட்டர் உயரமாக இருக்கட்டும். தண்டுக்கு மூங்கில் குச்சி, ஓலைக்குத் தடித்த காகிதத்தை விசிறி மாதிரி மடித்து வெட்டுங்கள், ஒரு ஓலை ஒன்றரை செ.மீ. அகலம் வந்தால் சரி. கொண்டைக்குக் கீழே காய்ந்த காவோலை நாலு தொங்க வேண்டும். அது இல்லாவிட்டால் அது பனையே இல்லை.

கொட்டியாரம்

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். சக்கரத்தை மூடுவதற்காகத் தம்பி கவலைப்பட வேண்டாம். எங்கள் பக்கத்தில் புகழ்பெற்ற கேட்டலினாக்கள் எல்லாமே சக்கரமில்லாதவைதான். காலிக்கு அருகே கொக்கல வாவியிலிருந்து கிளம்பிய கனேடிய விமானி லெனார்ட் பர்ச்சால் 1942 ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார், ஆனால் கொழும்பு மறுநாள் தாக்குதலுக்கு ஆயத்தமாக இருந்தது. அது 413-ஆவது ஸ்குவாட்ரனின் படகு வகைதான்.

அடுத்த வருடத்திலிருந்து குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் கேட்டலினாக்கள் அவுஸ்திரேலியாவின் பேர்த்திலிருந்து அதே கொக்கலவுக்கு நிற்காமல் பறந்து வந்தன. 5,600 கிலோமீட்டருக்கு மேல், 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை, ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்தார்கள். பெட்ரோல் அவ்வளவு ஏற்றியதால் பயணிகள் மூன்று பேருக்கு மேல் ஏற்ற முடியாது. சக்கரம் இருந்திருந்தால் அந்தப் பயணமே நடந்திருக்குமா தெரியாது.

நான் கொக்கலவை 1/144-இல் செய்தேன், இறக்கை 22 செ.மீ.தான், வேலை இலகு. ஆனால் வயதானவருக்குக் காட்டுவதென்றால் 1/72 தான் சரி, சின்னதாக இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. இன்னொன்று, மனிதர்களை வையுங்கள். 1/72-இல் ஒரு ஆள் இரண்டே கால் செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. கரையில் ஒருவரும் இல்லாவிட்டால் விமானம் எவ்வளவு பெரிது என்று யாருக்கும் தெரியாது.

செங்குன்றத்தான்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

ரன்வே24, நீங்கள் சொன்ன சாய்தளக் காட்சி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. படகு வகை கிட் தனியாகத் தேடினேன், வந்து சேர இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் கையில் இருக்கும் 5ஏ-வின் குழியை மூடுகிறேன். சக்கரங்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன், வரப்போகும் கிட்டில் அவற்றுக்கு வழி பார்க்கலாம்.

நேற்று ஒரு பக்கக் குழி முடிந்தது. பவுடர் கலவையை அரை மணிக்குள் தேய்க்கச் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது புரிகிறது. பிரைமரில் ஓரத்தில் இன்னும் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது, இன்றைக்கு இரண்டாவது சுற்று.

மனிதர்கள் விஷயத்தைப் பாட்டியிடம் கேட்டேன். நீங்கள் எல்லாம் எங்கே நின்று பார்த்தீர்கள் என்றேன். கரை மேல் நிற்க விடமாட்டார்களாம், ஆடு மேய்க்கிற சாக்கில் கரைக்கு இந்தப் பக்கச் சரிவில் படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பார்களாம், அவரும் அவருடைய அக்காவும். இஞ்சின் கிளப்பினால் ஆடுகள் சிதறி ஓடுமாம், அதற்காக வீட்டில் அடி வாங்கியிருக்கிறார்களாம். இதை இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. ஆகவே கரையின் சரிவில் இரண்டு சிறுமிகள், படுத்த நிலையில், நான்கைந்து ஆடுகள். கரை நினைத்ததை விட உயரமாக வேண்டும், பலகையின் ஒரு ஓரம் முழுக்க அதற்கே போகும்.

இதில்தான் சந்தேகம். 1/72-இல் ஆடு கிடைக்குமா? ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளின் உருவமும் எங்கும் கண்ணில் படவில்லை, சிப்பாய்கள்தான் இருக்கிறார்கள்.

நீலா, கோவை

ரயில் மாடல்காரர்களின் உருவங்களைப் பாருங்கள். அவர்களுடைய எச்.ஓ. அளவு 1/87, அதில் ஆடு, மாடு, நாய் எல்லாம் கிடைக்கும். ஆடு கொஞ்சம் சிறிதாக இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, நம் ஊர் ஆடே சிறிதுதான். சிறுமிகளுக்கும் 1/87-இல் பெரிய பெண் உருவம் இரண்டு வாங்குங்கள். 1.6 மீட்டர் பெண் அந்த அளவில் 18 மி.மீ., அதுவே 1/72-க்கு 1.3 மீட்டர் ஆகிறது, ஒன்பது பத்து வயதுப் பிள்ளையின் உயரம். தலையைக் கொஞ்சம் பெரிதாக்கி, இடுப்பில் அறுத்து மடக்கி, பாவாடையை எபாக்ஸி புட்டியில் செய்துவிடலாம். எம்-சீல் வேண்டாம், இந்த அளவுக்கு அது சொரசொரப்பு.

பாவாடை என்ன நிறம் என்று பாட்டியிடமே கேட்டுவிடுங்கள்.